ஆட்டுத்தோல் அங்கி அணிந்த ஆயர்

வூஸ்டர் என்ற ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்துப் படித்தால் ‘வொர்செஸ்டர்’ என்றுதான் வாயில் வரும். பர்மிங்காமுக்கு வந்த புதிதில் ரயில் நிலைய கவுண்டரில் நானும் அப்படித்தான் டிக்கெட் கேட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் “வூஸ்டரா?” என்றார். அதுவரை அந்தப் பெயரை நான் சாஸ் பாட்டிலில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

பேராலயத்துக்குள் போனது பக்தியால் அல்ல, மழையால். செவர்ன் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தபோது நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஆற்றைப் பார்த்த பழைய வாசல் சுவரில், எந்த ஆண்டு வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று கோடு போட்டுக் குறித்து வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டே ஒதுங்கி, படியேறி, உள்ளே போய்விட்டேன். எல்லோரும் போய் நிற்கும் இடம் ஜான் மன்னரின் கல்லறை. மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு போட்ட மாக்னா கார்ட்டா சாசனத்தில் முத்திரையிட வைக்கப்பட்டாரே, அந்த ஜான். கல்லில் படுத்திருக்கும் மன்னரின் தலைக்கு இருபுறமும் இரண்டு சின்னஞ்சிறு ஆயர் (பிஷப்) உருவங்கள். ஒருவர் ஆஸ்வால்ட், இன்னொருவர் வுல்ஃப்ஸ்டன் என்று பலகை சொன்னது. அங்கிருந்து படியிறங்கினால் நிலவறை. குட்டை குட்டையான தூண்கள், தாழ்ந்த வளைவுகள், வெள்ளையடித்த கூரை. மேலே கொட்டிய மழை அங்கே கேட்கவே இல்லை. அதைக் கட்டியவர் அந்த வுல்ஃப்ஸ்டன்தான். வேலை தொடங்கியது 1084-ல்.

வீட்டுக்கு வந்து அவரைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தவன், இரண்டு வருடமாக விடவில்லை. இந்தக் கட்டுரை அதன் விளைவு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் புனிதர்களின் கதைகளில் பெரிய ஆர்வம் கிடையாது. நோய் தீர்ந்தது, பேய் ஓடியது என்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இவரிடம் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. நாடு பறிபோய், தன் இனத்து ஆயர்கள் ஒவ்வொருவராக நாற்காலியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் எப்படி உட்கார்ந்தே இருந்தார்? அதற்கு எதை விலையாகக் கொடுத்தார், எதைக் கொடுக்க மறுத்தார்?

பிறந்தது 1008 வாக்கில், வார்விக்‌ஷயரில் இட்சிங்டன் என்ற ஊரில். அப்பா பெயர் ஏதல்ஸ்டன், அம்மா பெயர் வுல்ஃப்கிஃபு. அம்மாவின் பெயரில் முன்பாதி, அப்பாவின் பெயரில் பின்பாதி, சேர்த்து வுல்ஃப்ஸ்டன். பழைய ஆங்கிலத்தில் வுல்ஃப் என்றால் ஓநாய், ஸ்டன் என்றால் கல். அன்றைய ஆங்கிலேயர்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த முறைகளில் இதுவும் ஒன்று. ஈவெஷாமிலும் பீட்டர்பரோவிலும் மடங்களில் படித்தார். பெற்றோர் இருவருமே பிற்காலத்தில் துறவு வாழ்க்கைக்குப் போய்விட்டார்கள். பையன் வூஸ்டர் ஆயரின் வீட்டில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, அதே ஊர் மடத்தில் துறவியாகி, 1050 வாக்கில் அந்த மடத்துக்குப் பொறுப்பாளராக ஆனார்.

பீட்டர்பரோவில் அவருடைய ஆசிரியர் எர்வென் எழுத்துக் கலையில் கெட்டிக்காரர். ஒரு பூசைப் புத்தகத்தையும் பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய ஒரு புத்தகத்தையும் தங்க எழுத்துகளால் அலங்கரித்திருந்தார். சிறுவன் வுல்ஃப்ஸ்டனுக்கு அந்த இரண்டின் மேலும் உயிர். ஆனால் ஆசிரியர் அவற்றை அன்று இங்கிலாந்தை ஆண்ட கனூட் மன்னருக்கும் அரசி எம்மாவுக்கும் காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். பையன் அழுதான். கனூட் அவற்றை ஜெர்மனியில் கொலோன் நகருக்குப் பரிசாக அனுப்பினார். ஏறக்குறைய ஒரு தலைமுறை கழிந்தது. 1054-ல் வூஸ்டர் ஆயர் ஏல்ட்ரெட் தூதுவராக கொலோன் போனபோது, அதே புத்தகங்களை அங்கே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். ஊர் திரும்பிய ஏல்ட்ரெட், இந்தக் கதை எதுவும் தெரியாமல், அவற்றைத் தூக்கித் தன் மடத்துப் பொறுப்பாளரான வுல்ஃப்ஸ்டனிடம் கொடுத்தார். வாழ்க்கை வரலாறு எழுதியவர் இதில் கடவுளின் கையைப் பார்க்கிறார். எனக்குத் தெரிவது, நாற்பதைத் தாண்டிய ஒரு துறவி, சின்ன வயதில் பறிகொடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திறக்கும் அந்த நிமிடம்தான்.

வாத்துக் கதையையும் விட மனமில்லை. இளம் குருவாக இருந்தபோது ஒருநாள் பூசைக்கு நின்றிருக்கிறார். பக்கத்திலேயே எங்கோ வாத்து வறுபடுகிறது. வாசனை மூக்கில் ஏற, மனம் பீடத்தை விட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டது. தன்னையே வெறுத்துப்போய், இனி இறைச்சியே தொடுவதில்லை என்று அங்கேயே சபதம் எடுத்தாராம். கடைசிவரை தொடவில்லை. மீன் சாப்பிடுவார். அடுத்தவர் சாப்பிடுவதைத் தடுத்ததும் இல்லை. பிற்காலத்தில் அவருடைய விருந்துக் கூடத்தில் ஆங்கிலேய வழக்கப்படி சாப்பாடு முடிந்தும் மணிக்கணக்கில் குடி நடக்கும். அவரும் நடுவில் உட்கார்ந்து, சின்னக் கிண்ணம் ஒன்றிலிருந்து ஒவ்வொரு வாயாகப் பருகுவார். தேன்மது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கிண்ணத்தில் இருந்தது தண்ணீர்.

ஆயர் பதவி வந்தது 1062-ல். ஏல்ட்ரெட் யார்க் பேராயராகப் பதவி உயர்ந்தும் வூஸ்டரை விட மனமில்லாமல் இரண்டையும் வைத்துக்கொள்ளப் பார்த்தார். போப் ஒத்துக்கொள்ளவில்லை. விஷயத்தைப் பார்க்க வந்த போப்பின் தூதர்கள் அந்தத் தவக்காலம் முழுவதும் வூஸ்டர் மடத்தில் தங்க, அவர்களைக் கவனித்துக்கொண்ட வுல்ஃப்ஸ்டனின் நோன்பையும் உழைப்பையும் பார்த்து, இவரையே போடுங்கள் என்றார்கள். இவர் மறுத்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தனியாகத் தவமிருந்த வுல்ஃப்சிகே என்ற முனிவர் நன்றாகத் திட்டிய பிறகுதான் வழிக்கு வந்தார். அந்த செப்டம்பரில் பட்டம் சூட்டப்பட்டது.

சரியாக நான்கு வருடம். 1066 அக்டோபரில் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில், நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த பிரபு வில்லியமை எதிர்த்து நின்ற ஆங்கிலேய மன்னர் ஹரால்ட் விழுந்தார்.

வுல்ஃப்ஸ்டன் ஹரால்டின் ஆள். அதே ஆண்டின் தொடக்கத்தில், வடக்கே முரண்டுபிடித்த நார்தம்பிரியர்களைச் சமாதானப்படுத்த ஹரால்ட் புறப்பட்டபோது துணைக்கு அழைத்துப் போனது இவரைத்தான். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள், பெர்க்ஹாம்ஸ்டட்டில் நார்மன் வில்லியம் முன் பணிந்தவர்களின் வரிசையிலும் இவர் நிற்கிறார். கிறிஸ்துமஸ் அன்று வில்லியமுக்கு முடிசூட்டியவர் ஏல்ட்ரெட். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு நெடுநாள் குழப்பம். 1075-ல் மூன்று பிரபுக்கள் வில்லியமுக்கு எதிராகக் கிளம்பினார்கள். அதில் ஹெரிஃபோர்ட் பிரபு ரோஜர் செவர்ன் ஆற்றைக் கடக்க முடியாமல் மறித்தவர்களில் இவர் ஒருவர். 1088-ல் அடுத்த மன்னருக்கு எதிராக நார்மன் பிரபுக்களே கிளம்பியபோதும், வூஸ்டரில் இருந்தபடி மன்னரின் பக்கம் நின்றார். எதிர்ப்புப் போராளியைத் தேடி வருகிறவர்களுக்கு இவரிடம் ஏமாற்றம்தான்.

1070-ல் களையெடுப்பு தொடங்கியது. கேன்டர்பரி பேராயர் ஸ்டிகண்ட் நீக்கப்பட்டார். அந்த இடத்துக்கு இத்தாலியில் பிறந்து நார்மண்டியில் பேர் வாங்கிய பேரறிஞர் லான்ஃபிராங்க் வந்தார். ஆங்கிலேய ஆயர்களில் சிலர் நீக்கப்பட்டார்கள், சிலர் செத்தார்கள். காலியான இடங்களில் எல்லாம் கடல் கடந்து வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். 1075-க்குப் பிறகு இங்கிலாந்தில் பிறந்த ஆங்கிலேய ஆயர் என்று மிஞ்சியது இவர் ஒருவர்தான். அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகள் இருந்தார்.

இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஒருவர் ஞாபகம் வருவார். நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கியது. ஆறு மாதத்துக்குள் எங்கள் பக்கத்து மேனேஜர்கள் எல்லோரும் கேக் வெட்டி வழியனுப்பப்பட்டார்கள். கணக்குப் பிரிவில் இருந்த ஒரு பெரியவர் மட்டும் தங்கினார். புது முதலாளிகளின் மென்பொருளைக் கற்றுக்கொண்டார். மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டார். எங்களுக்கு அவர் மேல் கோபம், பின்னால் பேசுவோம். ‘ஜால்ரா’ என்று ஒருமுறை நானே சொல்லியிருக்கிறேன். பழைய தொழிலாளர்களின் பி.எஃப். கணக்குகளையும் விடுப்புக் கணக்குகளையும் ஒன்றுவிடாமல் கையால் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார் என்பதும், அந்த நோட்டை வைத்துப் பலருக்குப் பணம் வாங்கிக் கொடுத்தார் என்பதும் நான் வேலையை விட்டு ஒரு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவரை ஆயரோடு ஒப்பிடவில்லை. நான் ஆட்களை எவ்வளவு அவசரப்பட்டு எடைபோடுகிறவன் என்பதைச் சொல்ல வந்தேன்.

வுல்ஃப்ஸ்டனும் ஒரு நோட்டு போட வைத்தார். ஹெமிங் என்ற துறவியைக் கொண்டு வூஸ்டர் பேராலயத்துக்குச் சொந்தமான நிலங்களின் பத்திரங்களை எல்லாம் ஒரே தொகுப்பாக எழுத வைத்தார். எந்த நிலம் யார் கொடுத்தது, யார் பிடுங்கிக்கொண்டார்கள் என்ற விவரத்தோடு. பாதி லத்தீன், பாதி ஆங்கிலம். அந்தக் கைப்பிரதி இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. இப்படி ஒன்று தேவைப்பட்டதற்குக் காரணம் பக்கத்திலேயே இருந்தது. ஊர்ஸ் தபெத்தோ என்ற நார்மன் ஷெரிஃப், அதாவது மன்னரின் மாவட்ட அதிகாரி, வூஸ்டரில் கோட்டை கட்டினான். கோட்டை அகழி துறவிகளின் இடுகாட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. முறையீடு கேட்டு வந்த ஏல்ட்ரெட், அவன் முகத்துக்கு நேரே ஆங்கிலத்தில் எதுகை வைத்துச் சபித்தார்: உன் பெயர் ஊர்ஸ், உனக்குக் கடவுளின் கர்ஸ். ‘கர்ஸ்’ என்றால் சாபம். சபித்துவிட்டு ஏல்ட்ரெட் யார்க்குக்குப் போய்விட்டார், 1069-ல் இறந்தும் போனார். ஊர்ஸோடு அதே ஊரில் கால் நூற்றாண்டு குடித்தனம் நடத்தியவர் வுல்ஃப்ஸ்டன்.

சும்மா சொல்லக்கூடாது, கொடுக்கல் வாங்கலில் ஆள் விவரம்தான். ஏல்ட்ரெட் வூஸ்டரை விட்டுப் போகும்போது பன்னிரண்டு கிராமங்களைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். அடுத்து யார்க்குக்கு வந்த நார்மன் பேராயர் தாமஸ், கிராமங்கள் மட்டுமல்ல, வூஸ்டர் மறைமாவட்டமே தனக்குக் கீழ்ப்பட்டது என்று வழக்குப் போட்டார். மன்னரின் அவையில் விசாரணை. தாமஸ் தரப்பு அடுக்கிக்கொண்டே போகும்போது வுல்ஃப்ஸ்டன் தூங்கிவிட்டாராம். எழுப்பி, வெளியே போய்க் கலந்து பேசி வந்து பதில் சொல்லுங்கள் என்றால், வெளியே வந்ததும், “பிற்பகல் ஜெபம் இன்னும் சொல்லவில்லையே, வாருங்கள் சொல்லுவோம்” என்றார். கூட வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர் ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் உள்ளே போனார். வழக்கில் ஜெயித்தார், கிராமங்களும் திரும்பி வந்தன. பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. அதே தாமஸ், பட்டங்கள் கொடுக்கத் துணை ஆயர்கள் போதாமல், தன் பகுதிக்கு வந்து உதவச் சொல்லி இவரையே அழைத்தார். லான்ஃபிராங்கும் செஸ்டர் பகுதியைப் பார்வையிட இவரை அனுப்பினார். நார்மன்களிடம் மக்கள் முகம் கொடுக்காத இடங்களுக்கு, மக்களின் மொழி பேசத் தெரிந்த ஆயர் தேவைப்பட்டார். நாற்காலி தப்பியதற்கு ஜெபம் மட்டும் காரணம் இல்லை.

ஆனால் அவரை விவரமில்லாத கிழவர் என்று நினைத்தவர்கள் அவையில் நிறைய. லத்தீன் புலமை போதாது என்ற பேச்சு இருந்தது. உடையிலும் பகட்டு இல்லை. ஒரு பூனைக் கதை இங்கேதான் வருகிறது. நார்மண்டியின் கூட்டான்ஸ் ஆயர் ஜெஃப்ரி, ஹேஸ்டிங்ஸுக்குப் படையோடு வந்தவர், வெற்றிக்குப் பிறகு இங்கிலாந்தின் பெரும் நிலச்சுவான்தார்களில் ஒருவர். அவர் ஒருநாள் வுல்ஃப்ஸ்டனைப் பார்த்து, உங்கள் தகுதிக்கு சேபிள் என்ற மென்மயிர் விலங்கின் தோலோ, பீவர் தோலோ, நரித்தோலோ போட்டுக்கொள்ளலாமே, ஏன் இந்த ஆட்டுக்குட்டித் தோல் என்று கேட்டார். தந்திரக்கார மிருகங்களின் தோல் உலக விவகாரம் தெரிந்த உங்களைப் போன்றவர்களுக்குச் சரி, எனக்கு ஆடு போதும் என்றார் இவர். ஜெஃப்ரி விடவில்லை, குறைந்தது பூனைத்தோலாவது போடக் கூடாதா என்றார். வுல்ஃப்ஸ்டன் சொன்னார்: “நம்புங்கள், இறைவனின் செம்மறியே என்று பாடித்தான் கேட்டிருக்கிறேன், இறைவனின் பூனையே என்று யாரும் பாடிக் கேட்டதில்லை.”

கத்தோலிக்கக் கோவிலில் வளர்ந்தவர்களுக்கு இதைப் படித்ததும் மெட்டே காதில் விழும். ‘உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே’ என்று திருப்பலியில் பாடுகிற அதே வரிதான். லத்தீனில் ‘ஆக்னுஸ் தேயி’. அதில் ஆட்டை எடுத்துவிட்டு ‘கட்டுஸ்’ என்று பூனையை வைத்திருக்கிறார். லத்தீன் தெரியாதவர் என்று சொன்னார்களே, அவர்தான். பெயரில் ஓநாயை வைத்துக்கொண்டு உடம்பில் ஆட்டுத்தோல் போர்த்தி ஒரு கெடுதலும் செய்யாதவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

முடி வெட்டுகிற விஷயத்தில் மட்டும் எனக்கு இவரோடு ஒத்துப்போகவில்லை. ஆண்கள் நீளமாக முடி வளர்ப்பது இவருக்கு ஆகாது. ஆசீர்வாதம் வாங்கத் தலை குனிந்தவனின் முடியில் ஒரு கொத்தைத் தன் சின்னக் கத்தியால் வெட்டிவிட்டு, மீதியையும் இந்த அளவுக்கு வெட்டிக்கொள் என்பார். நகம் வெட்டவும் புத்தகங்களில் ஒட்டிய அழுக்கைச் சுரண்டவும் வைத்திருந்த கத்தி அது. பெண்களைப் போல முடி வளர்க்கிறவர்கள் அந்நியன் வரும்போது பெண்களைப் போலத்தான் நாட்டைக் காப்பாற்றுவார்கள் என்று எச்சரித்தாராம். ஹேஸ்டிங்ஸில் தோற்றதற்குத் தலைமுடிதான் காரணம் என்றால், அப்புறம் என்ன சொல்வது.

இனி பிரிஸ்டல். இவரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் எழுத முடியும் என்றால் நான் இதைத்தான் எழுதுவேன்.

பிரிஸ்டல் துறைமுகம் அன்று வூஸ்டர் மறைமாவட்டத்துக்குள் இருந்தது. அங்கே நடந்த வியாபாரம் மனித வியாபாரம். இங்கிலாந்தின் பல பகுதிகளிலிருந்து ஆட்களை வாங்கி அயர்லாந்துக்குக் கப்பலேற்றி விற்றார்கள். பார்ப்பவர் மனம் பதறும்படி, இளைஞர்களும் இளம்பெண்களும் கயிற்றில் வரிசையாகக் கட்டப்பட்டு நிற்பார்கள் என்று வரலாறு சொல்கிறது. பெண்களைக் கர்ப்பமாக்கிவிட்டுச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. விற்றவர்கள் வெளியூர்க் கொள்ளையர்கள் அல்ல, உள்ளூர் ஆங்கிலேயர்கள்தான். சில சமயம் சொந்தக்காரர்களையே விற்றார்கள். இது ரகசியமாக நடந்ததும் இல்லை. 1086-ல் வில்லியம் எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் பதிவானவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமை. விற்பனையில் மன்னருக்கும் வரி வந்தது. வருமானம் வருகிற வழியை எந்த அரசாங்கம் தானாக அடைத்திருக்கிறது?

வுல்ஃப்ஸ்டன் பிரிஸ்டலுக்குப் போய் அங்கேயே தங்கினார். ஒரு தடவை அல்ல. இரண்டு மாதம், மூன்று மாதம் என்று தங்கி, ஞாயிற்றுக்கிழமை தோறும் பிரசங்கம் செய்தார். மன்னரின் ஆணையைக் காட்டி மிரட்டவில்லை, மன்னரின் ஆணைக்கே அவர்கள் பணிந்ததில்லை என்று வரலாற்றாசிரியரே சொல்கிறார். இவர் பேசியது அவர்கள் மொழியில், ஆங்கிலத்தில். வாரா வாரம் அதே ஆட்கள், அதே விஷயம். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வயது எழுபதை ஒட்டியோ தாண்டியோ இருக்கும் ஒரு கிழவர், ஊருக்குப் போகாமல் உட்கார்ந்துகொண்டு, உங்கள் தொழில் பாவம் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக ஊர் மாறியது. மேலே மன்னரிடம் லான்ஃபிராங்க் பேசினார், இவரும் பேசினார். வில்லியமும் அந்த வருமானத்தை விட்டுக்கொடுத்தார், அரை மனதோடுதான்.

கதை இங்கே முடிந்திருந்தால் பிரசங்கத்துக்கு நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. கடைசிவரை தொழிலை விடமாட்டேன் என்ற ஒருவனை ஊர்க்காரர்களே ஊரைவிட்டுத் துரத்தி, அவன் கண்களையும் பிடுங்கிவிட்டார்கள். ஆயர் சொல்லிச் செய்ததல்ல, அதிகமாகப் போய்விட்டார்கள் என்று எழுதியவரே ஒத்துக்கொள்கிறார். நேற்றுவரை கயிறு பிடித்த கைகள்தான் அவை. இந்த வரியைத் தாண்டிப் போக எனக்கு ஒவ்வொரு முறையும் நேரம் பிடிக்கிறது. 1102-ல், வுல்ஃப்ஸ்டன் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, வெஸ்ட்மின்ஸ்டரில் கூடிய திருச்சபை மன்றம் மனிதர்களை மிருகங்களைப் போல விற்கக் கூடாது என்று தடை போட்டது.

மற்ற நாட்களில் வேலை ஊர் ஊராகக் குதிரையில் போவது. வழியெல்லாம் சங்கீதம் சொல்லிக்கொண்டே போவார். பிச்சை கேட்பவர்களுக்குக் கொடுக்கப் பணப்பையோடு ஒரு ஆள் கூடவே வருவான். குழந்தைகளுக்கு உறுதிபூசுதல் என்ற ஆயர் தரும் அருட்சாதனத்தைக் கொடுக்க உட்கார்ந்தால் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை, ஒரே நாளில் 2,000 பேருக்கு மேல் என்று எழுதியிருக்கிறார்கள். புனிதர் கதைகளில் எண்கள் கொஞ்சம் உப்பத்தான் செய்யும், ஆனாலும் கூட்டம் நின்றது உண்மையாகத்தான் இருக்க வேண்டும். தன் வீட்டில் வளர்ந்த பெரிய இடத்துப் பிள்ளைகளை, ஏழைகள் முன் மண்டியிட்டுச் சாப்பாடு பரிமாற வைத்தார். முகம் சுளித்தவர்களுக்கு அன்று நல்ல திட்டு.

இப்போது அந்த நிலவறைக்குத் திரும்புகிறேன். வூஸ்டரில் ஏற்கெனவே ஒரு கோவில் இருந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் புனித ஆஸ்வால்ட் கட்டியது. துறவிகள் கூடிவிட்டார்கள். 1089-ல் கொடுத்த ஒரு நிலப் பத்திரத்தில், நான் வந்தபோது பன்னிரண்டு பேருக்குச் சற்று மேல், இப்போது ஐம்பது என்று அவரே குறிப்பிடுகிறார். இடம் போதவில்லை. அதோடு காலத்தின் போக்கும் அதுதான். நார்மன் ஆயர்கள் நாடெங்கும் பழைய ஆங்கிலேயக் கோவில்களை இடித்து மலை மலையாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வூஸ்டரிலும் கட்டினார்கள், நார்மன் பாணியிலேயே. புதுக் கோவில் தயாராகி, பழையதின் கூரையைப் பிரிக்கத் தொடங்கிய நாளில் வுல்ஃப்ஸ்டன் இடுகாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேசவில்லை. கண்ணீர் வழிந்தது. கூட இருந்தவர்கள், இவ்வளவு பெரிய கோவில் உங்கள் காலத்தில் எழுந்திருக்கிறதே, சந்தோஷப்பட வேண்டாமா என்றார்கள். புகழுக்காகப் புனிதர்களின் வேலையை இடிக்கிறோம், அந்தக் காலத்தவர்களுக்கு ஆடம்பரமாகக் கட்டத் தெரியாது, கிடைத்த கூரைக்குக் கீழே தங்களையே காணிக்கையாக்கத் தெரியும், நாம் ஆத்துமாவை விட்டுவிட்டுக் கல்லைக் குவிக்கிறோம், இதுதான் அவர் பதிலின் சாரம்.

இடிக்கச் சொன்னதும் அவர்தான், அழுததும் அவர்தான். இதைப் பாசாங்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த நிலவறையில் நின்றபோது எனக்கு இந்தக் கதை தெரியாது. தெரிந்த பிறகு இரண்டாம் முறை போனேன். தூண்களின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தன, அவ்வளவுதான்.

1095 ஜனவரியில் இறந்தார். வயது எண்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. கடைசி மாதங்களில் இளைத்து இளைத்து, ஆயர் மோதிரம் விரலிலிருந்து தானாகக் கழன்று விழும் அளவுக்கு ஆகிவிட்டார். இறந்த பிறகு அதைக் கழற்றப் பார்த்தால் வரவே இல்லையாம். அவருடைய நெருங்கிய நண்பர் ஹெரிஃபோர்ட் ஆயர் ராபர்ட். ஐரோப்பாவின் லொதரிங்கியாவிலிருந்து வந்தவர், கணக்கிலும் வானவியலிலும் கரைகண்டவர். இவருக்கு எண்ணவே தெரியாது, அவருக்கு எண்ணாமல் தூங்க முடியாது என்று நினைக்கிறேன். அரசவையில் இருந்த ராபர்ட்டின் கனவில் வுல்ஃப்ஸ்டன் வந்து கூப்பிட்டதாகவும், அவர் விரைந்து வந்து அடக்கத்தை நடத்தியதாகவும் கதை. திரும்பும்போது மடத்தார் அவருக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். வுல்ஃப்ஸ்டன் குதிரையில் போகும்போது போட்டுக்கொள்ளும் ஆட்டுத்தோல் வைத்துத் தைத்த அங்கி. அதே ஆண்டு ஜூனில் ராபர்ட்டும் இறந்தார்.

பிற்பாடு ஒரு கதை கிளம்பியது. லான்ஃபிராங்க் வெஸ்ட்மின்ஸ்டரில் வைத்து இவரது ஆயர் கோலைத் திருப்பிக் கேட்டாராம். இதைக் கொடுத்தவர் ஹரால்டுக்கு முன் ஆண்ட எட்வர்ட் மன்னர், அவரிடமே தருகிறேன் என்று எட்வர்டின் கல்லறைக்குப் போய்க் கல்லில் ஊன்றினாராம். கல் கோலைக் கவ்விக்கொண்டது. யார் இழுத்தும் வரவில்லை, இவர் தொட்டதும் வந்தது. நடந்ததாகத் தெரியவில்லை, ஆனால் கதைக்கு நல்ல உபயோகம் இருந்தது. 1203-ல் வுல்ஃப்ஸ்டனுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது. அடுத்து, ஆயர்களை நியமிப்பது யார் என்று போப்போடு மல்லுக்கட்டிய ஜான் மன்னர், பாருங்கள், வுல்ஃப்ஸ்டனுக்குக் கோலைக் கொடுத்தது மன்னர்தானே என்று இந்தக் கதையைச் சான்றாக எடுத்தார். 1216-ல் சாகும்போது வூஸ்டரில், அவர் பக்கத்தில் புதைக்கச் சொன்னார். அடிமைச் சந்தையை மூட வைத்தவரின் தயவில், தன் பிரபுக்களுக்கே அடங்காத ஒரு மன்னர் மோட்சத்துக்கு இடம் பிடிக்கப் பார்த்திருக்கிறார். மடங்களை மூடி, புனிதர்களின் சமாதிகளை இடித்த மன்னர் ஹென்றி VIII காலத்தில் புனிதரின் சமாதி போய்விட்டது, மன்னரின் கல்லறை இருக்கிறது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? வுல்ஃப்ஸ்டனுக்கு உதவியாளராக இருந்த கோல்மன் என்ற துறவி, அவர் இறந்த பிறகு அவருடைய வாழ்க்கையை எழுதினார். ஆங்கிலத்தில் எழுதினார். அந்தக் காலத்தில் அது துணிச்சலான, கொஞ்சம் பழைய பஞ்சாங்கமான வேலை. ஒரு தலைமுறை கழித்து வூஸ்டர் துறவிகள் அதை லத்தீனில் பெயர்க்கச் சொல்லி மால்மஸ்பரி வில்லியத்திடம் கொடுத்தார்கள். பாதி நார்மன், பாதி ஆங்கிலேயர், அந்த நூற்றாண்டின் தலைசிறந்த வரலாற்றாசிரியர். நன்றாகவே செய்தார். ஆனால் ஒரு காரியம் செய்தார், அதை அவரே சொல்லவும் செய்கிறார். கோல்மன் குறித்து வைத்த சாட்சிகளின் பெயர்கள் பலவற்றை விட்டுவிட்டார். அந்த ஆங்கிலப் பெயர்கள் நாசூக்கான வாசகர்களின் காதுக்கு உறுத்தலாக இருக்குமாம். அம்மா பெயரில் பாதி, அப்பா பெயரில் பாதி என்று சேர்த்துச் சேர்த்து வைத்த பெயர்கள். லத்தீன் நூல் நம்மிடம் இருக்கிறது. கோல்மனின் ஆங்கில மூலம் தொலைந்துவிட்டது.

வூஸ்டரில் ஆங்கிலப் புத்தகங்கள் மட்டும் மற்ற இடங்களைவிட நெடுநாள் அலமாரியில் நின்றன. வுல்ஃப்ஸ்டன் உண்டாக்கிவிட்டுப் போன பழக்கம் அது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒருவர் அவற்றை உட்கார்ந்து படித்திருக்கிறார். பெயர் யாருக்கும் தெரியாது. கை நடுக்கம் உள்ளவர், அதனால் ‘நடுங்கும் கை’ என்றே ஆய்வாளர்கள் அவரை அழைக்கிறார்கள். அதற்குள் அந்த ஆங்கிலம் ஆங்கிலேயர்களுக்கே புரியாமல் போயிருந்தது. சுமார் இருபது கைப்பிரதிகளில், வரிக்கு மேலே, கோணல் மாணலாக, சொல்லுக்குச் சொல் பொருள் எழுதியிருக்கிறார். பெரும்பாலும் லத்தீனில். மொத்தம் ஏறக்குறைய 50,000 குறிப்புகள்.

அதே கை படியெடுத்த ஒரு சிறு ஆங்கிலக் கவிதையும் கிடைத்திருக்கிறது. பழைய ஆயர்களையும் ஆசிரியர்களையும் பெயர் சொல்லி வரிசைப்படுத்துகிறது. வூஸ்டர் ஆஸ்வால்டும் அதில் உண்டு. இவர்கள் நம் மக்களுக்கு ஆங்கிலத்தில் கற்றுக்கொடுத்தார்கள், இப்போது அந்தப் படிப்பு கைவிடப்பட்டது, வேற்று மக்கள் நம் மக்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று போகிறது. அந்தத் தாள்களைப் பிற்காலத்தில் யாரோ வேண்டாம் என்று வெட்டி, வேறொரு புத்தகத்தின் அட்டைக்குள் ஒட்டிவிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அட்டையைப் பிரித்தபோது வெளியே வந்தன. இப்போது அந்தப் பேராலயத்தின் நூலகத்திலேயே இருக்கின்றன, ஓரம் வெட்டுப்பட்டு, சில வரிகள் பாதியாக.